ஆங்கில அறிவியல் ஏடுகளில் சிலேடை

2012-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள், ஜெனீவா நகரை அடுத்துள்ள ஸெர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு செய்தி வெளிவந்தது. அணுவினும் நுண்ணிய துகள்களை ஒன்றோடொன்று மோதவிட்டு ஆராயும் அவ்விடத்தில், 1964 முதல் தேடப்பட்டு வந்த 'ஹிக்ஸ்' துகளுக்குரிய சான்றுகள் கிடைத்துவிட்டன என்பதே அச்செய்தி. அதனையொட்டி நம் தமிழ் நாளேடுகள் அத்துகளைக் 'கடவுள் துகள்' என்றே பெயரிட்டு எழுதின.

தலைப்பைப் படித்தவர்கள் இரு சாராராகப் பிரிந்தனர். இறைவன் இருப்பதற்கு விஞ்ஞானம் சான்று கண்டுவிட்டது என்று மகிழ்ந்தோர் ஒரு சாரார். படைத்தவன் தேவையில்லை என்று நிறுவப் புறப்பட்டுவிட்டார்கள் என வருந்தியோர் மற்றொரு சாரார். பள்ளிவாசல் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் இரு தரப்பாரும் வாதிட்டனர். அப்பெயருக்குள் கடவுள் நம்பிக்கையும் இல்லை, கடவுள் மறுப்பும் இல்லை, இருந்தது ஒரு வசைச் சொல்லின் பாதி மட்டுமே என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பார் அன்று இல்லாமற் போயினர்.

பெயரை வைத்தவர் லியோன் லெடர்மன் என்னும் அமெரிக்க இயற்பியல் அறிஞர். 1988-ல் நோபல் பரிசு பெற்றவர்; நகைச்சுவைக்குப் பெயர் போனவர். 1993-ல் டிக் டெரஸி என்னும் எழுத்தாளருடன் இணைந்து அவர் எழுதிய நூலின் தலைப்பே 'காட் பார்ட்டிகிள்' என்பது. ஆங்கிலத்தில் சலிப்புற்றவன் வாயில் வரும் சொல்லொன்று உண்டு: 'காட்டாம்'. இறைவன் சபிப்பானாக என்பது அதன் நேர்ப்பொருள். ஆயின் வழக்கில் அதற்கு இறைவனோடு எந்தத் தொடர்பும் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் 'நாசமாய்ப் போன' என்கிறார்களே, அதற்கு நிகர். எவ்வளவு பணத்தைக் கொட்டியும் கைக்கு அகப்படாமல் போக்குக் காட்டிய துகளுக்கு 'நாசமாய்ப் போன துகள்' என்னும் பெயரே பொருந்தும் என்றும், பதிப்பாளர் அதற்கு இசையவில்லை என்றும் லெடர்மன் அந்நூலிலேயே வேடிக்கையாக எழுதியுள்ளார். வசை வெட்டுண்டது, கடவுள் என்னும் முற்பாதி மட்டும் நின்றது. விவிலியத்திலுள்ள பாபேல் கோபுரக் கதையோடும் அவர் அந்நூலில் விளையாடியிருக்கிறார்.

அவர் விளையாடிய காலமோ விளையாட்டுக்குரிய காலமன்று. அத்துகளைத் தேடுவதற்கென்றே டெக்ஸாஸ் மாநிலத்தில் மாபெரும் இயந்திரமொன்று கட்டப்பட்டு வந்தது. அதன் செலவைக் குறித்து அமெரிக்கப் பாராளுமன்றத்தில் கடும் வாதம் நடந்துகொண்டிருந்தது. மக்கள் மனத்தைத் திட்டத்தின்பால் ஈர்க்கவே லெடர்மன் நூல் எழுதினார். ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவான நிலையில் அதே 1993-ஆம் ஆண்டு அக்டோபரில் திட்டம் கைவிடப்பட்டது. இயந்திரம் மறைந்தது, பெயர் மட்டும் கடல் கடந்து நம் தேநீர்க் கடை வரை வந்து சேர்ந்தது. துகளுக்குத் தம் பெயரை ஈந்த பீட்டர் ஹிக்ஸ் (2024-ல் மறைந்தவர்) இந்தப் பட்டப் பெயரை ஒருபோதும் விரும்பியதில்லை.

ஒரு சொல்லில் இரு பொருள் வைத்துப் பேசுவது நமக்குப் புதிதன்று. காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாட்டில் வைத்துச் சிலேடை பாடியதைப் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். அரபுப் புலவர்கள் இதற்குத் 'தவ்ரியா' என்று பெயரிட்டு அணிகளுள் ஒன்றாக வைத்தனர். பஸரா நகரத்து அல்-ஹரீரி (1054–1122) தம் 'மகாமாத்' நூலின் 32-ஆம் மகாமாவில் நூறு ஃபிக்ஹு வினாக்களை இம்முறையில் அமைத்துள்ளார். ஒளுச் செய்த ஒருவன் தன் 'நஃலை'த் தொட்டுவிட்டால் என்னாகும் என்பது அவற்றுள் ஒன்று. ஒளு முறியும் என்பது விடை. காலணியைத் தொட்டதால் ஒளு எவ்வாறு முறியும் என்று கேட்பவர் திகைக்கிறார். அச்சொல்லுக்கு மனைவி என்றும் ஒரு பொருள் உண்டு என்பதை அறிந்தவர் புன்முறுவல் பூக்கிறார். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் குடும்பத்தாருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆயின் புலவரின் சிலேடையைக் கேட்க அமர்பவர் இரு பொருள் வரும் என்று எதிர்பார்த்தே அமர்கிறார். அறிவியல் ஏட்டைத் திறப்பவருக்கு அந்த எதிர்பார்ப்பு இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், அதுவும் வரையறை செய்யப்பட்ட பொருள் என்று நம்பியே அவர் படிக்கிறார். எழுதியவர் சிரித்துக்கொண்டே எழுதிய இடம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்குக் காதில் கேட்டுவிடும். அகராதியைத் துணைகொண்டு படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் கேட்பதில்லை. அதனால் விளையும் பிழைகள் சில வேடிக்கையானவை, சில அவ்வாறல்ல.

சொல்லைப் பிறழக் கொள்ளும் இவ்வரலாறு ஆங்கிலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. முக்கோணவியலில் பிள்ளைகள் 'சைன்' என்று படிக்கிறார்களே, அச்சொல்லை எடுத்துக்கொள்வோம். வட்டத்தின் ஒரு பகுதியை வில்லாகவும், அதன் இரு முனைகளையும் இணைக்கும் கோட்டை அவ்வில்லின் நாணாகவும் இந்தியக் கணித அறிஞர்கள் உருவகித்தனர். தமிழ்ப் பாடநூல்களில் இன்றும் வில், நாண் என்னும் சொற்களே வழங்குகின்றன. நாணுக்கு வடமொழியில் 'ஜ்யா' என்றும் 'ஜீவா' என்றும் பெயர். கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆரியபடர் அரைநாணின் அளவுகளைக் கணக்கிட்டு வைத்தார்.

கலீஃபா அல்-மன்ஸூர் ஆண்ட 8-ஆம் நூற்றாண்டில் இந்திய வானியல் பகுதாதை அடைந்தது. அங்கே 'ஜீவா' என்பது 'ஜீபா' என ஒலிபெயர்க்கப்பட்டது. அரபியில் அதற்குப் பொருள் ஏதும் இல்லை. உயிர்க்குறி இடாமல் எழுதும் வழக்கப்படி ஜீம், யே, பே என்னும் எழுத்துகளே ஏட்டில் நின்றன. அவற்றை 'ஜைப்' என்றும் படிக்கலாம். அதற்கு ஆடையின் மார்புத் திறப்பு, மடிப்பு என்று பொருள் உண்டு. திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் 31-ஆம் வசனத்தில் வரும் 'ஜுயூப்' என்பது இச்சொல்லின் பன்மையே. பொருளில்லாத ஒலியைவிடப் பொருளுள்ள சொல் நாவில் எளிதில் நிற்கும். எனவே 'ஜைப்' நிலைத்தது. அல்-பத்தானீ (இறப்பு 929) போன்ற வானியல் மேதைகளுக்கு இதனால் குழப்பம் ஏதும் நேரவில்லை. எந்தக் கோட்டைக் குறிக்கிறோம் என்பது அவர்களுக்கு ஐயமறத் தெரியும்.

12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் அரபு நூல்களை லத்தீனில் பெயர்த்தவர்கள் 'ஜைப்' என்பதை அதன் அகராதிப் பொருளிலேயே கொண்டு, மார்பு, மடிப்பு, வளைகுடா எனப் பொருள்படும் 'ஸைனஸ்' என்னும் லத்தீன் சொல்லை இட்டனர். வில்லின் நாண் இவ்வாறு ஆடையின் மடிப்பாகி, 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் 'சைன்' ஆயிற்று. மூக்கடைப்பால் வருந்துவோர் மருத்துவரிடம் கேட்டுவரும் 'சைனஸ்' அதே லத்தீன் சொல்தான். நம் முந்திய தலைமுறையினர் சட்டைப் பையை 'ஜேபி' என்பார்கள். அதுவோ 'ஜைப்' வழிவந்தது. கணக்குப் புத்தகத்துச் சைனுக்கும் தாத்தாவின் ஜேபிக்கும் உறவு உண்டு என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

அங்கே எவரும் வேண்டுமென்று விளையாடவில்லை. வேண்டுமென்றே விளையாடிய காலம் 20-ஆம் நூற்றாண்டு.

1942 டிசம்பரில், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹாலவே, பேக்கர் என்னும் இரு இயற்பியலார் போர்க்கால இரகசியப் பணியில் ஈடுபட்டிருந்தனர். அணுக்கருவை நோக்கிச் செல்லும் நியூட்ரான் அதன்மேல் படுவதற்குள்ள வாய்ப்பை ஒரு பரப்பளவாகக் கணக்கிடுவது வழக்கம். மிகச் சிறிய அந்தப் பரப்புக்கு ஓர் அலகு தேவைப்பட்டது. அதற்குப் பெயரும் தேவைப்பட்டது. உணவருந்திக்கொண்டே பெயர் தேடினர். ஓப்பன்ஹைமரின் பெயரை எண்ணினர், நீளமாக இருந்தது. ஹான்ஸ் பெத்தேயின் பெயரை எண்ணினர்; 'பீட்டா' என்னும் கிரேக்க எழுத்தோடு குழம்பும் என்று விட்டனர். திட்டத்தை நடத்திய ஜான் மேன்லியின் 'ஜான்' நன்றாக இருந்தது. ஆனால் அமெரிக்கக் கொச்சை வழக்கில் அது கழிப்பறையைக் குறிக்கும். முடிவில் நாட்டுப்புறத்தில் வளர்ந்த பேக்கருக்குத் தோன்றியது 'பார்ன்' என்னும் சொல். அது வைக்கோலும் தானியமும் அடைத்து வைக்கும் பெரிய கொட்டகை. குறி தவறுகிறவனை, கொட்டகைச் சுவரில்கூட அடிக்கத் தெரியாதவன் என்று ஆங்கிலேயர் எள்ளுவர். நியூட்ரானின் கண்ணுக்கு அந்த அணுக்கரு கொட்டகை அளவு பெரிது, தவறவே முடியாத இலக்கு என்பது அப்பெயரின் நகை.

ஒரு பார்ன் என்பது ஒரு சதுர சென்டிமீட்டரை 10-இன் 24-ஆம் அடுக்கால் வகுத்தால் வரும் பரப்பு. இன்றும் உலகெங்கும் அதே அலகுதான். பின்னால் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? அதனினும் மிகச் சிறிய அலகு ஒன்றுக்குக் குடிசை எனப் பொருள்படும் 'ஷெட்' என்று பெயரிட்டு விளையாட்டைத் தொடர்ந்தனர். தமிழில் 'பார்ன்' என்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவர் அதனை யாரோ ஓர் அறிஞரின் பெயரென்று எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. ஓம், வோல்ட், நியூட்டன் எல்லாம் அறிஞர் பெயர்கள்தாமே. நமக்கு நெஞ்சில் உறுத்துவது வேறொன்று. கொட்டகை என்று சிரித்துக்கொண்டு அவர்கள் கணக்கிட்டது, 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் முடிந்த பணியின் ஒரு பகுதி.

பீட்டாவோடு குழம்பும் என்று அன்று தள்ளப்பட்ட பெத்தேயின் பெயரை, அக்குழப்பத்துக்காகவே வேறொருவர் ஆறாண்டுக்குள் எடுத்துக்கொண்டார். அவர் ஜார்ஜ் காமோ. ரஷ்ய நாட்டிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய மேதை, சிரிக்கவும் சிரிக்க வைக்கவும் பிறந்தவர். அவரிடம் ஆய்வு மாணவராக இருந்தவர் ரால்ஃப் ஆல்ஃபர். பகலில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை, இரவில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படிப்பு என்று உழைத்து முன்னேறிய இளைஞர். பிரபஞ்சத்தின் தொடக்கத்தில், வெப்பம் மிகுந்த சில நிமிடங்களுக்குள் தனிமங்கள் எவ்வாறு உருவாயின என்பதைக் கணக்கிட்டதே அவருடைய ஆய்வு.

கட்டுரை அச்சுக்குச் செல்லும்போது காமோவுக்கு ஓர் ஆசை பிறந்தது. ஆல்ஃபர், காமோ என்று இரு பெயர்கள் இருக்கின்றன. இடையில் பெத்தே என்னும் பெயரும் சேர்ந்தால் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கிரேக்க எழுத்து வரிசையே அமைந்துவிடும். பெத்தேக்கு அந்த ஆய்வில் யாதொரு பங்கும் இல்லை. ஆயினும் பெயர் சேர்ந்தது. 1948 ஏப்ரல் 1-ஆம் நாளிட்ட 'பிசிக்கல் ரிவ்யூ' இதழில் கட்டுரை வெளியாயிற்று. நாளும் முட்டாள்கள் தினமாகவே வாய்த்துவிட்டது. ராபர்ட் ஹெர்மன் என்னும் மற்றோர் உடனுழைப்பாளர், தம் பெயரை 'டெல்ட்டர்' என மாற்றிக்கொண்டு அடுத்த எழுத்தாக நிற்க மறுக்கிறார் என்று காமோ பின்னர் குறைபட்டு எழுதினார். அதுவும் நகைச்சுவைக்காகத்தான்.

இளைஞர் ஆல்ஃபருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. பெயரறியாத மாணவர் ஒருவர் இரு பெரும் அறிஞர்களோடு சேர்ந்து கையொப்பமிட்ட கட்டுரையைப் படிப்பவர், உழைப்பு யாருடையது என்று எண்ணுவார்? அவர் அஞ்சியபடியே நடந்தது. அதே 1948-ல் ஆல்ஃபரும் ஹெர்மனும், பிரபஞ்சத் தொடக்கத்தின் வெப்பம் இன்றும் மிகக் குளிர்ந்த கதிர்வீச்சாக வானெங்கும் எஞ்சியிருக்க வேண்டும் என்றும், அதன் வெப்பநிலை தனிச்சுழிக்கு மேல் சுமார் 5 பாகை இருக்கும் என்றும் கணித்து எழுதினர். அதைத் தேடிப் பார்க்க எவரும் முனையவில்லை. 1964-ல் பென்ஸியாஸ், வில்சன் என்னும் இருவர் தம் வானொலிக் கருவியில் ஓயாது கேட்ட இரைச்சலின் காரணத்தைத் தேடப்போய், தற்செயலாக அக்கதிர்வீச்சைக் கண்டனர். 1978-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. முன்னரே கணித்தவர்களின் பெயர் பல ஆண்டுகள் நினைக்கப்படவே இல்லை. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கம் ஆல்ஃபருக்கு 2007 ஜூலையில் வழங்கப்பட்டபோது, நோயுற்றிருந்த அவருக்காக அவருடைய மகனே சென்று பெற்றுக்கொண்டார். அடுத்த திங்களே, ஆகஸ்ட் 12-ல், ஆல்ஃபர் மறைந்தார். புறக்கணிப்புக்குப் பிற காரணங்களும் உண்டு. சிலேடை ஒன்றின்மீதே பழியைப் போடுவது நேர்மையாகாது. ஆயினும் இன்றும் பாடநூல்கள் அக்கட்டுரையை 'ஆல்ஃபா பீட்டா காமா' என்றே குறிக்கும்போது, உழைத்தவர் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டாரே என்று நமக்குத் தோன்றாமலில்லை.

ஆல்ஃபர் ஆராய்ந்த அந்தத் தொடக்கத்துக்கே ஒரு விளையாட்டுப் பெயர்தான் நிலைத்தது. ஃப்ரெட் ஹாயில் என்னும் ஆங்கில அறிஞர் அக்கொள்கையை ஏற்காதவர். 1949 மார்ச் 28-ல் பி.பி.சி. வானொலியில் பேசுகையில் 'பிக் பேங்' என்று அதனைக் குறிப்பிட்டார். 'பேங்' என்பது கதவு அறைந்து சாத்தும்போது எழும் 'தடார்' என்னும் ஒலிக்குறிப்பு. ஏளனமாகச் சொல்லவில்லை என்று அவர் பின்னர் மறுத்தாலும், கேட்போர் காதில் ஏளனமாகவே பட்டது. தமிழில் நாம் 'பெருவெடிப்பு' என்று கம்பீரமாகப் பெயர்த்துக்கொண்டோம், 'தடார்' மறைந்துவிட்டது.

உயிரியல் ஆய்வுக்கூடங்களில் வழங்கும் ஒரு வேடிக்கையையும் சொல்லிச் செல்வோம். டி.என்.ஏ. துண்டுகளை ஒற்றியெடுத்து இனங்காணும் முறையொன்றை எட்வின் சதர்ன் என்பவர் 1975-ல் வெளியிட்டார். அம்முறை அவர் பெயரால் வழங்கிற்று. சதர்ன் என்றால் தெற்கத்தியது என்றும் பொருள் அல்லவா? 1977-ல் ஆர்.என்.ஏ.வுக்கு அதுபோன்ற முறை வந்தபோது அதனை 'நார்தர்ன்' என்றனர். புரதத்துக்குரிய முறைக்கு 1981-ல் 'வெஸ்டர்ன்' என்று பெயரிட்டனர். ஆள் பெயர் ஒன்று, திசைப் பெயர் இரண்டு. இவற்றை வடமுறை, தென்முறை, மேல்முறை என்று பெயர்த்து எழுதினால் இலக்கணப்படி சரி, பொருளோ பாழ்.

இவையெல்லாம் சிறு பிழைகள். மனிதர்களை வதைத்த சொல் ஒன்று உண்டு. அதைப் பற்றி நின்று பேச வேண்டும்.

சார்லஸ் டார்வின் 1859-ல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'நாச்சுரல் ஸெலக்ஷன்' என்னும் தொடர் இருந்தது. அக்கொள்கையின் சரி பிழைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. மார்க்க அறிஞர்களும் பிறரும் அதுபற்றி நிரம்ப எழுதியுள்ளனர். நாம் நோக்குவது சொற்களை மட்டுமே. 'ஸெலக்ஷன்' என்றால் தேர்ந்தெடுத்தல். புறா வளர்ப்போர் நல்ல புறாக்களைத் தேர்ந்து இனம் பெருக்குவதைக் கண்டு, அந்த ஒப்புமையால் டார்வின் அமைத்த தொடர் அது. தேர்தல் என்றால் தேர்பவர் ஒருவர் வேண்டுமே, இயற்கை என்ன அறிவுடைய ஆளா என்று பலர் வினவினர். வேதியியலாரும் தனிமங்கள் ஒன்றையொன்று தேர்ந்து கூடுவதாகச் சொல்கிறார்கள், அதனை எவரும் நேர்ப்பொருளில் கொள்வதில்லையே என்று டார்வின் 1861-ஆம் ஆண்டுப் பதிப்பில் விடையிறுத்தார்.

கேள்விகள் ஓயவில்லை. அதே கொள்கையைத் தாமாகவே கண்ட ஆல்ஃப்ரட் வாலஸ், 1866 ஜூலையில் டார்வினுக்கு நீண்ட மடலொன்று எழுதி, இரு பொருள் தரும் இச்சொல்லைக் கைவிட்டு, ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864-ல் ஆக்கிய 'ஸர்வைவல் ஆஃப் த ஃபிட்டஸ்ட்' என்னும் தொடரை மேற்கொள்ளுமாறு வேண்டினார். டார்வினும் இசைந்து, 1869-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் அதனைச் சேர்த்துக்கொண்டார்.

ஒரு சிலேடையிலிருந்து தப்ப எண்ணியவர்கள் அதனினும் கொடிய சிலேடையில் விழுந்தனர். 'ஃபிட்' என்னும் சொல்லுக்கு அன்று பொருத்தமானது, தக்கது என்பதே முதற்பொருள். பனிப்பிரதேசத்துக்கு வெள்ளை முயல் தக்கது. புதர்க்காட்டுக்குப் பழுப்பு முயல் தக்கது. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. ஆயின் அதே சொல்லுக்கு உடல்வலிமை மிக்கவன் என்னும் பொருளும், தகுதியால் உயர்ந்தவன் என்னும் பொருளும் உண்டு. மக்கள் அப்பொருள்களையே பற்றிக்கொண்டனர். 'வலியவன் வாழ்வான்' என்று அது திரிந்தது. எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி செல்வத்தைப் பற்றி 1889-ல் எழுதிய கட்டுரையில், போட்டி தனிமனிதனுக்குக் கொடியதாயினும் ஒவ்வொரு துறையிலும் தக்கவரை நிலைக்கச் செய்வதால் இனத்துக்கு நன்று என்று வாதிட்டார்.

தக்கவர் என்று ஒரு கூட்டம் ஏற்பட்டால், தகாதவர் என்று மற்றொரு கூட்டமும் ஏற்பட வேண்டுமல்லவா? 'அன்ஃபிட்' என்னும் சொல் அறிக்கைகளில் ஏறிற்று. அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907-ல், தகாதவர் எனக் கருதப்பட்டோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றிற்று. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1927-ல் வர்ஜீனியா மாநிலத்து ஏழைப் பெண் கேரி பக் என்பவரின் வழக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மனவளர்ச்சி குன்றியவர் என்று கூறி அவருக்குக் கருத்தடை செய்யலாம் என எட்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஒருவர் மட்டும் இணங்கவில்லை. தகாதவர்கள் பெருகாமல் தடுப்பதே சமூகத்துக்கு நன்மை என்பது தீர்ப்பின் கருத்து. அவருடைய கைக்குழந்தையும் மனவளர்ச்சி குன்றியதே என்று அன்று சாட்சியம் சொல்லப்பட்டது. அக்குழந்தை பின்னர்ப் பள்ளியில் சேர்ந்து, நன்கு படித்தோர் பட்டியலிலும் இடம்பெற்று, எட்டாம் வயதில் நோயுற்று இறந்துபோயிற்று. கொடுமைக்கு விரும்பினோர் சொல் கிடைக்காவிட்டாலும் வேறு காரணம் தேடியிருப்பர் என்பது உண்மையே. ஆனால் இச்சொல் அவர்களுக்கு அறிவியலின் முத்திரையை இலவசமாகத் தந்தது.

தமிழில் இத்தொடரைத் 'தக்கன பிழைத்தல்' என்று பெயர்த்த பெரியோரின் நுட்பத்தை நாம் வியக்கிறோம். 'வலியன' என்று அவர்கள் எழுதவில்லை. தமிழுக்கும் இங்கே ஒரு விளையாட்டு உண்டு. பிழைத்தல் என்றால் உயிர் தப்புதல். பிழை என்றால் தவறு. தப்புதல், தப்பு என்பனவும் அவ்வாறே. மரபணு படியெடுக்கப்படும்போது நேரும் பிழைகளுள் சிலவே பிழைக்கின்றன என்று சொன்னால், ஆங்கிலத்தில் சொல்ல முடியாத ஒரு சிலேடை தமிழில் தானே வந்து அமைகிறது.

மரபணுவைப் பற்றிய மற்றொரு சொல்லும் இவ்வாறே வாட்டியது. ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976-ல் தம் நூலுக்குத் 'தன்னல மரபணு' எனப் பொருள்படும் பெயரை வைத்தார். தன் படிகள் பெருகுமாறு செயல்படுவது என்பதே அவர் கொண்ட பொருள். மரபணுவுக்கு மனமும் இல்லை, எண்ணமும் இல்லை. மேரி மிட்ஜ்லி என்னும் தத்துவப் பேராசிரியை 1979-ல் அதனைக் கடுமையாகத் தாக்கினார். தன்னலம் என்பது மனமுடையார்க்கே பொருந்தும் சொல், அதை எடுத்து அணுவின்மேல் ஏற்றுவது தகாது என்பது அவர் வாதம். உருவகத்தை நேர்ப்பொருளில் கொண்டீர் என்று டாக்கின்ஸ் சினந்தார். நம் கருத்தில் இருவர் பக்கமும் நியாயம் உண்டு. தலைப்பை மட்டும் படித்துவிட்டு, மனிதன் இயல்பிலேயே தன்னலக்காரன் என்று விஞ்ஞானம் சொல்லிவிட்டது எனப் பேசியோர் எத்தனை பேர்! 'இறவா மரபணு' என்று பெயரிடுமாறு பதிப்பாளர் ஒருவர் அன்றே யோசனை கூறியதாகவும், அதை ஏற்றிருக்கலாம் என்றும் டாக்கின்ஸே 2006-ல் எழுதினார்.

இறுதியாக, எழுதியவரே தம் சொல்லின் மறுபொருளை அறியாதிருந்த கதை. டி.என்.ஏ.வின் வடிவத்தை 1953-ல் கண்ட இருவருள் ஒருவரான ஃப்ரான்சிஸ் க்ரிக், 1957-ல் ஆற்றிய உரையில், மரபுச் செய்தி புரதத்துக்குள் சென்றபின் அங்கிருந்து மீளாது என்னும் கருத்தைச் 'சென்ட்ரல் டாக்மா' என்று பெயரிட்டார். 'டாக்மா' என்பது சமயத் துறைச் சொல். ஐயுறாது ஏற்க வேண்டிய கொள்கை என்று பொருள். நம்முடைய வழக்கில் அகீதா என்பதற்கு அருகில் வரும். க்ரிக் சமய நம்பிக்கை இல்லாதவர். சான்று போதாத ஊகம் என்பதே அச்சொல்லின் பொருள் என்று அவர் எண்ணியிருந்தார். இது இன்னும் மெய்ப்பிக்கப்படாத கருத்து என்று அடக்கமாகச் சொல்வதாகவே நினைத்தார். கேட்டவர்களோ, இதை மறுக்கக் கூடாது என்று அவர் ஆணையிடுவதாகக் கொண்டனர்.

1970-ல் ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ. உருவாவதை டெமின், பால்ட்டிமோர் என்னும் இருவர் தனித்தனியே கண்டபோது, டாக்மா கவிழ்ந்தது என்று 'நேச்சர்' இதழே தலைப்பிட்டது. தாம் கூறியது அதற்கு முரணன்று, புரதத்திலிருந்து திரும்ப வழியில்லை என்றே கூறினேன் என்று க்ரிக் அதே ஆண்டு அவ்விதழில் எழுதி விளக்க நேர்ந்தது. அச்சொல்லை உண்மையான நம்பிக்கையாளர் எப்பொருளில் கொள்வார் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் ஜாக் மோனோ எடுத்துரைத்த பிறகே தமக்குத் தெரியவந்தது என்று 1988-ல் வெளியான தம் நினைவு நூலில் க்ரிக் குறிப்பிட்டுள்ளார். அதற்குள் அச்சொல் உலகத்துப் பாடநூல்களிலெல்லாம் ஏறிவிட்டது. தமிழில் பெயர்த்தோருள் சிலர் 'மையக் கோட்பாடு' என்றனர். க்ரிக் சொல்ல நினைத்ததற்கு அவர் எழுதிய ஆங்கிலத்தைவிட அத்தமிழே நெருங்கி நிற்கிறது.